இருமல் சிடி

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீசர் நம் லைன் வீட்டுக்கு வந்தபோது இருந்தவர்கள் என் அப்பா, என் அம்மா, ஓனர் மாமா, ஓனர் மகள், எதிர்வீட்டுக் கன்னட அத்தை, நான். இல்லாதவர்கள் மூன்றாம் வீட்டுக்காரன், அவன் தம்பி, கடைசி வீட்டு அண்ணன். மூவரும் காலாண்டு லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள்.

இல்லாதவர்கள்தான் இப்போது அந்தக் கதையை நன்றாகச் சொல்கிறார்கள். போன மாதம் மூன்றாம் வீட்டுக்காரன் புது வீடு பால் காய்ச்சினான் அல்லவா, அன்று அவன் சொன்னதில் சிடிகளைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனது, ஆபீசர் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். நண்பர்களே, குரங்கே கிடையாது. கிளிதான். அதுவும் எதையும் தூக்கவில்லை, பயந்து பறந்தது. நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது. முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறோம். இன்னும் பத்து வருடம் விட்டால் குரங்கே ஆபீசராகிவிடும். அதனால் எழுதி வைக்கிறேன்.

அப்பா அப்போது ஜூஜுவாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தார். சொந்த ஊரான நாட்றாம்பாளையத்தில் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர். ஆனால் கையில் அளவு பார்க்கும் கேஜ் கொடுத்தால் போதும், கண் மாறிவிடும். வண்டிகளுக்குப் போகும் பித்தளைப் புஷ், சின்னக் குழாய்த் துண்டு மாதிரி, ட்ரே ட்ரேயாக வரும். கேஜின் ஒரு முனை அதற்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. நல்லதுக்குப் பச்சை மை, கெட்டதுக்குச் சிவப்பு. சிவப்பு வைத்ததை ஷிப்ட் முடிவதற்குள் சுத்தியலால் நசுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் எவனாவது துடைத்து நல்லதோடு சேர்த்துவிடுவான். அப்பாவுக்கு இது வேலை மட்டுமல்ல. வீட்டில் அம்மா சுடும் தோசையையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

ஆபீசர் ஜெர்மனிக்காரர். கம்பெனியின் மெஷின்களைச் சரிசெய்ய வந்தவர், வந்த வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும் நேரம். அவர் கிளம்புவதற்கு முன் கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பெர்மனென்ட் செய்யப்போகிறார்கள், பேர் கொடுப்பது அவர்தான் என்று லைனில் பேச்சு. பெர்மனென்ட் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அந்த வார்த்தையைச் சாமி பேரைப் போலக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள்.

ஒரு சனிக்கிழமை அப்பா ஆபீசரின் கெஸ்ட் ஹவுசில் சாமான் கட்டப் போனார். திரும்பும்போது சைக்கிள் கேரியரில் ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே ஒன்பது சிடி. வீட்டில் இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் பெட்டி என் மடிக்கு வந்தது.

"என்னா படம்டா?" என்றாள் அம்மா.

"படம் இல்லம்மா. பியானோ. எல்லாத்துலயும் ஒரே பேருதான் போட்டிருக்குது. பாட்டு ஒண்ணு. வாசிச்ச ஆளுங்கதான் வேற வேற."

"ஒரே பாட்டயா ஒம்போது வாங்கியிருக்காரு? கடக்காரன் ஏமாத்திட்டான் பாவம். மொழி தெரியாத ஊருல இப்படித்தான்."

அப்பா சட்டையைக் கூடக் கழற்றாமல் விஷயத்தைச் சொன்னார். விமானத்தில் கையில் ஒன்றுதான் எடுத்துப்போக இடம் இருக்கிறதாம். எல்லாவற்றையும் போட்டுக் கேட்டுவிட்டு, எதை எடுத்துப்போகலாம் என்று அப்பாவையே சொல்லச் சொன்னாராம். "யூ ஹேவ் குட் இன்ஸ்பெக்‌ஷன்" என்று தோளில் வேறு தட்டினாராம். நாளை விட்டு அடுத்த ஞாயிறு அவரே வீட்டுக்கு வருகிறாராம்.

அம்மா பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பெர்மனென்ட்டுக்குப் பரீச்சை வெக்கிறாருங்க" என்றாள்.

ஆபீசர் எதை எடுத்துப்போவது என்று முன்பே முடிவு செய்திருந்தார், கேட்டது சும்மா பேச்சுக்கு என்று எனக்கு இப்போது தெரிகிறது. அப்பாவுக்கு அது தெரிய வழியில்லை. கம்பெனியில் அவரிடம் யாரும் எதையும் பேச்சுக்குக் கேட்டதே இல்லை.

லைனில் சிடி ஓடும் பெட்டி ஓனர் மாமா வீட்டில் மட்டும்தான், அதுவும் டிவியோடு சேர்த்து. திங்கட்கிழமை சாயங்காலம் எல்லாரும் வந்து உட்கார்ந்தோம். சிடி சுழன்றது. திரை நீலமாகி மூலையில் ஒரு நம்பர் மட்டும் வந்தது. வயலின்களெல்லாம் சேர்ந்து ஆரம்பித்தன. ஓனர் மாமா ரொம்ப நேரம் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏமப்பா, சினிமா எப்புடு வஸ்துந்தி?" என்று தெலுங்கில் படம் எப்போது வரும் என்று கேட்டார்.

"வராது மாமா. இவ்ளோதான்."

"இவ்ளோதானா? கரண்டு பில்லு யாரு கட்டறது?"

ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை. காரணம் எனக்கு மெல்லத்தான் புரிந்தது. நம் லைனில் எந்தப் பாட்டு வைத்தாலும் சண்டை வரும். தமிழ்ப் பாட்டு வைத்தால் ஓனர் மாமா முகம் சுருங்கும், தெலுங்கு வைத்தால் அத்தை எழுந்துவிடுவார், கன்னடம் வைத்தால் அப்பாவுக்குத் திடீரென்று தலைவலி. இதில் வார்த்தையே இல்லை. யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லாரும் உட்கார்ந்து கேட்டார்கள். இரண்டாம் நாளிலேயே இதற்கும் சண்டை வந்தது என்பது வேறு விஷயம்.

அது என்ன பாட்டு என்று முதலில் கண்டுபிடித்தது அத்தைதான். பியானோ தனியாக ஒன்றைச் சொல்லும். உடனே வயலின் கூட்டம் எதிர்த்துக் கூச்சல் போடும். பியானோ மறுபடி மெதுவாகச் சொல்லும். "அய்யோ, இது சொசெ கணப்பா! புது மருமவ. அதெல்லாம் மாமியார் வீட்டு ஆளுங்க. பாரு, எல்லா சேந்து பேசறாங்க, இவ ஒருத்தியே பதில் சொல்றா" என்றார். அதற்குப் பிறகு அம்மாவும் அத்தையும் பியானோ கட்சி. வயலின் சத்தம் ஏறினால், "விடாத, சொல்லு சொல்லு" என்று அத்தை திரையைப் பார்த்துக் கையை ஆட்டுவார்.

அப்பாவின் கஷ்டம் வேறு. எந்த இன்ஸ்பெக்‌ஷனுக்கும் மாஸ்டர் பீஸ் ஒன்று வேண்டும். இதுதான் சரியான அளவு, மற்றதை இதோடு ஒத்துப் பார் என்று ஒன்று இருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் மாஸ்டர் இல்லை. ஒருவன் அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி ஓடினான், இன்னொருவன் தூங்கித் தூங்கி எழுந்தான்.

"இதுல எது கரெக்டு?" என்று அப்பா என்னைக் கேட்டார். ஆறாம் வகுப்பில் எங்களுக்கு அது நடத்தவில்லை.

அம்மா சொன்னாள்: "கரெக்டு என்னாங்க கரெக்டு? ஒரே கொழம்பு, ஒம்போது கை. கைக்குத் தக்கன ருசி."

"கொழம்புக்கு ட்ராயிங் கெடையாது. இதுக்கு ட்ராயிங் இருக்குது. எழுதி வெச்சதப் பாத்துத்தான வாசிக்கிறாங்க? அப்புறம் எப்படி ஒருத்தன் ஓடறான், ஒருத்தன் ஒக்காந்துக்கறான்?"

அதனால் குறையில்லாததே மாஸ்டர் என்று அப்பா முடிவு செய்தார். தினம் சாயங்காலம் கேட்பது, குறை கண்டால் தள்ளுவது. கம்பெனிச் சிவப்பு மையை வெளியே கொண்டுவரக் கூடாது என்பதால் ஓனர் மகளின் நெயில் பாலிஷ் வந்தது. அம்மணி, நீ அன்று அழுததை நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயர் விழுந்தது. ரொம்பப் பழைய ஒன்றில் பின்னணியில் எண்ணெய் கொதிக்கும் சத்தம். அது ‘வடை'. ரிஜெக்ட். ஒன்றில் வாசிக்கிறவர் கூடவே முனகுவார். அது ‘பல்லுவலி'. ரிஜெக்ட். ‘தூங்குமூஞ்சி' முடிவதற்குள் கரண்ட் போய்விடும். ரிஜெக்ட். ‘அவசரக்காரன்' மட்டும் கரண்ட் போவதற்கு முன்பே முடித்துவிடுவான் என்று ஓனர் மாமா அவனுக்காக வாதாடினார். "வேகமா ஓட்டினா பர்ரு வரும் ஓனர்" என்று அப்பா தள்ளிவிட்டார். பர் என்பது மெஷின் வேகத்தில் விளிம்பில் நிற்கும் பிசிறு. பாட்டில் அதை எப்படிப் பார்த்தார் என்று தெரியாது. பார்த்தேன் என்றார்.

அடுத்ததுதான் இருமல்.

அது ஏதோ ஒரு பெரிய மண்டபத்தில், ஆட்கள் உட்கார்ந்து கேட்கும்போதே பிடித்தது. நடுப்பகுதி மெதுவாகப் போகும். வயலின்காரர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். பியானோ மட்டும் ஒவ்வொரு விரலாக வைத்து, கடைசியில் அதுவும் நிற்கும். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். அந்த நிசப்தத்தில் யாரோ ஓர் ஆள், அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல், "கொஹ்... கொஹ்" என்று இருமுவான். பிறகு பியானோ ஒன்றும் நடக்காதது போல மேலே போகும்.

அப்பா நெயில் பாலிஷ் மூடியைத் திறந்தார்.

"இருங்க" என்றாள் அம்மா. "வறட்டு இருமலுங்க அது. கேளுங்க, நெஞ்சுலருந்து வருது. பனியில கூட்டத்துக்கு எதுக்கு வந்தான்? பக்கத்துல இருக்கறவங்க ஒரு சுக்குத் தண்ணி குடுக்கமாட்டாங்களா?"

"அது எப்பவோ புடிச்சது. அந்தாளு இந்நேரம் சரியாயிருப்பான்."

"இல்லாட்டி?"

அன்றிலிருந்து அம்மா அந்த ஒன்றைத்தான் வைக்கச் சொல்வாள். மருமகள் கட்சியிலிருந்து இருமல்காரன் கட்சிக்கு மாறிவிட்டாள். அப்பாவோ அதில் இரண்டு சிவப்புப் பெருக்கல் குறி போட்டார். மற்றதில் வாசித்தவன்தான் குறை, இதில் கேட்கிறவனும் குறை என்றார்.

சனிக்கிழமை ஒன்றே ஒன்று மிஞ்சியது. முனகல் இல்லை, கொதி இல்லை, இருமல் இல்லை. ஓடவும் இல்லை, தூங்கவும் இல்லை. அப்பா என் ஸ்கெட்ச் பேனாவை வாங்கி அதற்குப் பச்சை மை வைத்தார். அதற்கு நாம் ஒரு பட்டப்பெயர்கூட வைக்கவில்லை என்பதை அன்று யாரும் யோசிக்கவில்லை.

தள்ளிய எட்டை என்ன செய்வது என்று ஆபீசர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். சிவப்பு வைத்ததை என்ன செய்வது என்று கம்பெனியில் யாருக்குத் தெரியாது? அப்பா சுத்தியலை எடுத்துவிட்டார். அம்மாதான் பிடித்துக்கொண்டாள். "பளபளன்னு இருக்குது. எதுக்காச்சும் ஆகும்."

எதற்கு ஆகும் என்று ஓனர் மாமாவுக்குத் தெரிந்திருந்தது. லைனுக்குப் பின்னால் அவர் சோளக்கொல்லை. மக்காச்சோளம் கதிர் முற்றும் நேரம், கிளிகள் கூட்டமாக இறங்கும். எட்டு சிடியையும் ஓட்டையில் கயிறு கோத்துக் குச்சிகளில் தொங்கவிட்டார். காற்றில் அவை சுழன்று வெயிலைக் கொல்லை முழுக்க வாரி இறைத்தன. கிளி ஒன்றுகூட அன்று இறங்கவில்லை. "ஜெர்மன் ஐட்டம்னா ஐட்டம்தான்" என்றார் மாமா.

ஞாயிறு மதியம் ஆபீசர் வந்தார். ஓனர் மாமா வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி அவருக்கு, அப்பா நின்றார். அம்மா போண்டா வைத்தாள். அப்பா பச்சை மை வைத்த சிடியை இரண்டு கையாலும் நீட்டினார். "சார், திஸ் ஒன் ஓகே. ஸீரோ டிஃபெக்ட்."

ஆபீசர் அட்டையைப் பார்த்தார். "ம். குட். வெரி கிளீன்" என்றார். உப்பில்லாத உப்புமாவை விருந்தாளியாகச் சாப்பிடுகிறவர் முகம். பிறகு பெட்டியை எட்டிப் பார்த்தார். காலி அட்டைகள்தான் இருந்தன. கையை வாய்க்கு முன் குவித்து, "கொஹ், கொஹ்" என்று இருமிக் காட்டி, அந்த சிடி எங்கே என்று கேட்டார்.

அப்பாவுக்கு ஒரே பெருமை. ஆபீசரே அந்தக் குறையைத் தெரிந்து வைத்திருக்கிறார், தானும் சரியாகப் பிடித்துவிட்டோம். "ரிஜெக்ட், சார்! காஃப்!"

ஆபீசர் தன் நெஞ்சில் விரலை வைத்து மெதுவாக ஒன்று சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது அவருதானாம்" என்றேன். "இருமினது அவருதானாம்."

அப்பாவின் கை நீட்டினபடியே நின்றது. முதலில் வாய் திறந்தவள் அம்மா. "ஐயோ, நீங்களாங்க? அப்புறம் நின்னுச்சா?"

அதை நான் மொழிபெயர்த்தேன். ஆபீசர் அம்மா பக்கம் திரும்பினார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். படிக்கிற காலமாம், காய்ச்சலோடு கச்சேரிக்குப் போனாராம். இருமியதும் பக்கத்து சீட்டுப் பெண் திரும்பி முறைத்தாளாம். வெளியே வந்து மன்னிப்புக் கேட்டாராம். பிறகு அவளையே கல்யாணம் செய்துகொண்டாராம். இன்றைக்கும் அதே மாதிரிதான் முறைக்கிறாளாம். அந்தக் கச்சேரி சிடியாக வந்ததும் வாங்கினாராம். மற்றவர்கள் அதே இடத்தில் இருமல் இல்லாமல் எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் மற்ற எட்டும்.

"வேர் இஸ் இட்?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார், நான் ஓனர் மாமாவைப் பார்த்தேன், ஓனர் மாமா கொல்லையைப் பார்த்தார். பெர்மனென்ட் அங்கே குச்சியில் சுழன்றுகொண்டிருந்தது.

ஓடினோம். ஆபீசரும் பாலிஷ் போட்ட ஷூவோடு ஓடிவந்தார். குரங்கு கதை இங்கிருந்துதான் முளைத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஓனர் மாமா முன்னால் போய்க்கொண்டே, "மிதிக்காதிங்கப்பா! கதிரு! கதிரு!" என்று கத்தியது ரோட்டில் போனவர்களுக்குக் கொரங்கு, கொரங்கு என்று கேட்டதாம். எட்டையும் அறுத்து எடுத்தோம். எல்லாவற்றின் பெயர் மேலும் சிவப்புப் பெருக்கல் குறி. எல்லாவற்றிலும் சோளத் தட்டை உரசின கீறல். காற்றில் குச்சி சுற்றிச் சுற்றி அடித்ததில் இரண்டு பெருக்கல் குறி போட்டதிலும் ஒன்று உரிந்துபோய் எது இருமல் என்று தெரியவில்லை.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். வடை. பல்லுவலி. தூங்குமூஞ்சி. ஆபீசர் அந்தப் பட்டப்பெயர்களுக்கு அர்த்தம் கேட்டார், நான் சொன்னேன், அவர் உதடு துடித்தது. அப்பா சுவரோடு சாய்ந்துவிட்டார். ஐந்தாவதாகப் போட்டதில் முதல் சத்தம் வந்ததுமே அம்மா, "இதுதான். மண்டபம் பெரிசு" என்றாள்.

நடுப்பகுதிக்கு நகர்த்தினேன். வயலின்காரர்கள் வாயை மூடினார்கள். பியானோ ஒவ்வொரு விரலாக வைத்து நின்றது. நீலத் திரையைப் பார்த்து எல்லார் கண்ணும் விரிந்தது.

"கொஹ்" என்றது டிவி. "கொஹ். கொஹ். கொஹ். கொஹ்."

கீறல் சரியாக அங்கே விழுந்திருந்தது. நிற்கவே இல்லை. "யாராதரூ நீரு கொடி!" என்று தண்ணீர் கேட்டு அத்தை அலற, அம்மா நிஜமாகவே சொம்பை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் நின்றுவிட்டாள்.

ஆபீசருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு நாற்காலியே குலுங்கியது. சிரித்துச் சிரித்து அவருக்கே இருமல் வந்துவிட்டது. டிவி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், ஒரே மாதிரி, கொஹ், கொஹ். அப்பா சுவரிலிருந்து நிமிர்ந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்து இதைக் கேட்டார், அதைக் கேட்டார். வாரம் முழுக்கத் தேடின மாஸ்டர் பீஸ் அவர் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது.

"மேட்சிங், சார்" என்றார். "ஹண்ட்ரட் பர்சென்ட்."

அதற்கு ஆபீசர் சிரித்த சிரிப்பில், டிவிக்கென்று எடுத்த சொம்பை அம்மா அவரிடம் கொடுத்துவிட்டு, சுக்குக் காப்பி போட உள்ளே ஓடினாள்.

அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. இருமலை மட்டும் கிளம்புவதற்குள் துடைத்துக் கொண்டுவந்தால் போதும், மற்றது கொல்லையிலேயே இருக்கட்டும் என்றார். ஆனால் அப்பாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு, இருமல் அட்டையையும் என்னையும் எடுத்துக்கொண்டு அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்குப் பஸ் ஏறினார். ஏசி போட்ட ஒரு கடையில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நுழைந்தோம். அங்கே யாரும் கழற்றியிருக்கவில்லை. அதே படம், அதே மண்டபம், அதே ஆள். புதுசு, கண்ணாடித்தாள் பிரிக்காதது. இருந்தது ஒன்றே ஒன்று. விலையைக் கேட்டதும் அப்பா கடைக்காரரிடம், "பாட்டு ஒண்ணுதானே சார் இருக்குது?" என்றார்.

சாயங்காலம் எல்லாரும் கூடினார்கள். நடுப்பகுதி வந்தது. பியானோ நின்றது. நாங்கள் டிவியை நோக்கிக் குனிந்தோம்.

ஒன்றும் இல்லை. பியானோ மேலே போய்விட்டது.

திரும்ப வைத்தேன். மறுபடியும் ஒன்றும் இல்லை. அட்டையைத் திருப்பிப் படித்தேன். பழைய பதிவைப் புது முறையில் சுத்தம் செய்து, வேண்டாத சத்தங்களை நீக்கியிருப்பதாகப் போட்டிருந்தது.

அப்பாவின் முகத்தில் இரண்டு நாளில் முதல் முறையாக வெளிச்சம். "பாத்தியா? கம்பெனிக்காரனே ரீவொர்க் பண்ணியிருக்கான்! நான் சொன்னது டிஃபெக்டுதான்!"

"அது சரி" என்றாள் அம்மா. "அந்த மனுசன எங்க தூக்கிப் போட்டாங்க?"

அப்பாவின் முகத்தில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

ஆபீசர் கிளம்புவதற்கு முதல் நாள் அப்பாவும் நானும் இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். புதுசில் இருமல் இல்லை என்று நான் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டு அட்டையைப் படித்தார். கீறல் விழுந்ததை எடுத்து ஒரு சட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்தார். புதுசை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார். "திஸ் ஓகே பீஸ், யூ. ரிஜெக்ட் பீஸ், மீ" என்றார். அப்பாவின் கையைக் குலுக்கியபோது விட நேரமாயிற்று.

தீபாவளிக்கு முன் அப்பா பெர்மனென்ட் ஆனார். அது ஆபீசர் சொல்லித்தானா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் வேலை இன்ஸ்பெக்‌ஷனில் இல்லை, டிஸ்பேட்ச்சில். அங்கே எதையும் ரிஜெக்ட் செய்ய முடியாது, வந்ததைக் கட்டி அனுப்ப வேண்டும். புது சிடி இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. போட்டால், அந்த இடம் வரும்போது அம்மா தானே ஒரு தடவை இருமிவிடுவாள்.

புது சிடி ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. பெங்களூருக்கு ஒரு முழு டிக்கெட், ஓர் அரை டிக்கெட், போக வர, நடுவில் இட்லி, எண்பது. ஓனர் மகளுக்குப் புது நெயில் பாலிஷ் இருபத்தைந்து. மிதிபட்ட சோளத்துக்கென்று ஓனர் மாமா வாடகையோடு சேர்த்து வாங்கியது நூற்றைம்பது. ஆபீசருக்குப் போட்ட சுக்குக் காப்பியை அம்மா கணக்கில் சேர்க்க விடவில்லை. மொத்தம் எண்ணூற்று ஐம்பது ரூபாய்.